பெயர்த்த பாதையும் பெயரற்ற மக்களும்

பினாங்குத் தீவின் தலைநகரான ஜார்ஜ்டவுனில், கடற்கரையை ஒட்டி, மணிக்கூண்டோடு கூடிய பெருங்கட்டடம் ஒன்று நிற்கிறது. 1907ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அக்கட்டடம் இரயில்வேக்கு உரியதாக விளங்கியது. ஆயினும் அதன் வாயிலுக்கு ஒருநாளும் புகைவண்டி வந்ததில்லை. பயணிகள் இங்கே பயணச்சீட்டுப் பெற்று, படகேறி நீரிணையைக் கடந்து, அக்கரையில் பிறையில் வண்டி ஏறினர். தண்டவாளமே இல்லாத இரயில் நிலையம் என்று பினாங்கு மக்கள் அதனை வேடிக்கையாகக் குறிப்பிடுவது வழக்கம். பிற்காலத்தில் அது சுங்கத்துறையின் கட்டடமாயிற்று. ஒரு தேவைக்காக எழுந்த கட்டடம் வேறொரு தேவைக்குப் பயன்பட்டு இன்றும் நிலைத்திருக்கிறது.

ஜார்ஜ்டவுன் தெருக்களிலும் ஒரு காலத்தில் தண்டவாளங்கள் இருந்தன. 1880களில் நீராவியால் இயங்கும் டிராம் வண்டிகள் ஓடின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்சார டிராம்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. 1925இல் தண்டவாளம் தேவைப்படாத, மேலே செல்லும் கம்பியிலிருந்து மின்சாரம் பெறும் பேருந்துகள் அறிமுகமாயின. 1936இல் டிராம் வண்டிகள் முற்றாக நின்றன. மின்சாரப் பேருந்துகளும் 1961இல் ஓய்வு பெற்றன. டிராம் ஓடிய நகரம் என்பதே மறந்துபோன நிலையில், 2004இல் பினாங்கு சாலையும் சூலியா தெருவும் சந்திக்கும் இடத்தில் சாலையைத் தோண்டியபோது, தாருக்கு அடியில் பழைய டிராம் தண்டவாளங்கள் வெளிப்பட்டன. பாதை முழுவதும் பெயர்த்தெடுக்கப்படவில்லை என்பதும், ஒரு பகுதி இருந்த இடத்திலேயே மூடப்பட்டது என்பதும் அப்போது தெரிய வந்தன. அந்தத் துண்டு இன்று காட்சிக்காகக் காக்கப்பட்டுள்ளது.

கொடிமலையின் வரலாறும் இத்தகையதே. 1923இல் இயங்கத் தொடங்கிய மலை இரயிலின் மரப்பெட்டிகள் 1977இல் மாற்றப்பட்டன. அவற்றின் இடத்திற்கு வந்த பெட்டிகளும் 2010இல் விலக்கப்பட, 2011இல் புதிய வண்டி ஓடலாயிற்று. விலக்கப்பட்ட பழைய பெட்டிகளுள் சில அழிக்கப்படாமல் காட்சிப் பொருள்களாயின.

இவ்வாறு ஒரு பாதை தன் பணியை முடித்துப் பிரிக்கப்படும்போது, அதன் பகுதிகளுள் சில மீட்கப்படுகின்றன, சில புதைகின்றன, சில வேறிடம் சென்று வேறு பணி செய்கின்றன. எது மீள்கிறது, எது மறைகிறது என்பதை எது முடிவு செய்கிறது? மலாயாவின் தண்டவாளங்களுக்கும், அவற்றோடு பிணைந்த தமிழர் வாழ்வுக்கும் நேர்ந்ததை ஆராய்ந்தால் இவ்வினாவுக்கு விடை கிடைக்கும்.

பிரித்தலின் முறை

பாதை அமைப்பது போன்றே பாதையைப் பிரிப்பதும் ஒழுங்குடன் செய்யத்தக்க பணியாகும். வீட்டு அறையில் பொம்மை இரயில் பாதை அமைத்து மகிழ்வோர்கூட இதனை அறிவர். பலகையின்மேல் அமைத்த சிறு பாதையைக் கலைக்க நேரும்போது, அனுபவம் உடையவர் முதலில் வண்டிகளை எடுத்து வைப்பார். பின்னர்க் கட்டடங்களையும் மரங்களையும் அகற்றுவார். கம்பிகளை அறுப்பதற்கு முன் எந்தக் கம்பி எங்கே செல்கிறது என்று சிறு துண்டுச் சீட்டில் எழுதிக் கட்டுவார். அதன் பிறகே தண்டவாளங்களை வளையாமல் கழற்றுவார். சீட்டுக் கட்டாமல் அறுத்த கம்பி மறுநாள் வெறும் கம்பியாகிவிடும். அதன் பயன் எதுவென்று அவருக்கே தெரியாது.

பெரிய பாதையிலும் முறை இதுவே. இரண்டு தண்டவாளங்கள், அவற்றைத் தாங்கும் குறுக்குக்கட்டைகள், தண்டவாளத்தைக் கட்டையோடு பிணைக்கும் ஆணிகள், ஒரு தண்டவாளத்தின் முனையை அடுத்ததோடு இணைக்கும் இரும்புப் பட்டைகள், அடியில் பரப்பிய சரளைக்கற்கள் ஆகியவையே ஒரு பாதையின் உறுப்புகளாம். பிரிக்கும்போது இணைப்புப் பட்டைகளின் மரைகளை முதலில் கழற்றுவர். பின் ஆணிகளை நெம்பி எடுப்பர். பலர் கூடித் தண்டவாளத்தைத் தூக்கிப் பாரவண்டியில் ஏற்றுவர். கெசத்திற்கு 80 இராத்தல் எடையுள்ள தண்டவாளமாயின், 30 அடித் துண்டு ஒன்றே 800 இராத்தல் கனக்கும். ஒரு மைல் நீளப் பாதையில் இரு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 125 டன் இரும்பு கிடைக்கும்.

அந்த இரும்பு எளிதில் வீணாவதில்லை. முதன்மைப் பாதையில் தேய்ந்த தண்டவாளம் கிளைப்பாதைக்குச் செல்லும். அங்கும் தேய்ந்தால் வண்டிகளை நிறுத்தி வைக்கும் ஓரப்பாதைக்குச் செல்லும். அதன்பின் வேலிக்கம்பமாகவோ கூரை தாங்கும் தூணாகவோ நிற்கும். இறுதியில் உலையில் உருகி வேறு பொருளாகும். உளுத்துப்போகாத கட்டைகளும் இவ்வாறே படிப்படியாக இடம் மாறுகின்றன.

இங்குக் கருதத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. தண்டவாளத்தை வார்த்து உருட்டும் ஆலைகள், அதன் பக்கவாட்டில் ஆலையின் பெயரையும் ஆண்டையும் எடையையும் புடைப்பெழுத்தாகப் பொறித்து வைப்பது வழக்கம். எத்தனை முறை பெயர்த்து எங்கே கொண்டு போட்டாலும் அவ்வெழுத்து உடன் செல்லும். அரை நூற்றாண்டுக்குப் பின் காட்டில் கிடக்கும் துண்டைக் கண்டெடுப்பவரும், துருவைத் துடைத்துவிட்டு அதன் பிறப்பைப் படித்துவிட முடியும். பெயர் பொறிக்கப்பட்ட பொருள் தொலைந்தாலும் அடையாளம் இழப்பதில்லை.

மலாயாவில் பெயர்க்கப்பட்டவை

மலாயாவின் முதல் இரயில் பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளன்று பேராக்கின் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்ட் துறைமுகத்திற்கும் இடையே திறக்கப்பட்டது. ஈயத்தைக் கடலுக்குக் கொண்டு செல்வதே அதன் நோக்கம். ஏறத்தாழ 8 மைல் நீளமே உடைய அப்பாதையைத் தொடர்ந்து, நாற்பது ஆண்டுகளுக்குள் தீபகற்பத்தின் மேற்குக் கரை நெடுகிலும் பாதைகள் நீண்டன. மண் வெட்டியவர், கட்டை சுமந்தவர், பாதையைக் காத்தவர் எனப் பெருந்தொகையான தமிழர் அப்பணியில் இருந்தனர். நிலையங்களிலும் அலுவலகங்களிலும் எழுத்துப் பணியாற்றியோருள் யாழ்ப்பாணத் தமிழர் மிகுதி. மலாயா இரயில்வேயின் வரலாற்றில் தமிழர் பங்கினை விலக்கிவிட்டு எழுத இயலாது.

1905இல் தம்பினிலிருந்து மலாக்கா நகருக்குக் கிளைப்பாதை சென்றது. 1918இல் வடக்கே பாடாங் பெசார் வழியாகச் சயாமின் பாதையோடு மலாயாவின் பாதை இணைந்தது. பிறையிலிருந்து பாங்காக் வரை தரைவழியே பயணம் செய்வது அதனால் இயன்றது. 1931இல் கெமாசிலிருந்து பகாங்கின் காடுகளை ஊடறுத்துக் கிளந்தானின் தும்பாட் வரை செல்லும் கிழக்குக்கரைப் பாதை முழுமை பெற்றது. ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அப்பாதை, மலையும் ஆறும் நிறைந்த நிலத்தில் பல ஆண்டுக்கால உழைப்பால் உருவானதாகும்.

முழுமை பெற்றுப் பதினோராண்டுகூட நிறைவதற்குள் அதன் நிலை மாறியது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை கிளந்தானில் கரையேறியது. அதே மாதத்தில் பினாங்கு குண்டு வீச்சுக்கு உள்ளாகி வீழ்ந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் சரணடைந்தது. அடுத்து ஜப்பானியரின் கண் பர்மாவின்மீது இருந்தது. அங்குள்ள படைக்கு உணவும் ஆயுதமும் கொண்டு செல்லக் கடல்வழி ஆபத்தானதாயிற்று. ஆகவே சயாமையும் பர்மாவையும் காட்டின் ஊடே இணைக்கும் தரைப்பாதை ஒன்றை அமைக்க அவர்கள் முடிவு செய்தனர்.

அதற்குத் தேவையான பேரளவு இரும்பினைப் புதிதாக வார்த்துக் கடல் கடந்து கொண்டு வருவது போர்க்காலத்தில் எளிதன்று. கைப்பற்றிய நாடுகளில் ஏற்கெனவே கிடந்த பாதைகளைப் பெயர்ப்பதே விரைவான வழியாகத் தோன்றியது. மலாயா, சயாம், பர்மா ஆகிய மூன்று நாடுகளிலும் பாதையின் அகலம் ஒன்றே. இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு சரியாக ஒரு மீட்டர். ஆதலின் மலாயாவின் கட்டையும் தண்டவாளமும் அங்கே மாற்றமின்றிப் பொருந்தின.

பகாங்கின் மெந்தகாப் தொடங்கிக் கிளந்தானின் கோலக்கிராய் வரையிலான கிழக்குக்கரைப் பாதை பெயர்க்கப்பட்டது. தம்பின்–மலாக்கா கிளைப்பாதையும் பெயர்க்கப்பட்டது. பல்லாண்டு உழைத்து இட்ட பாதை சில மாதங்களில் வெறும் மண்மேடாயிற்று. அதனை நம்பியிருந்த உள்நாட்டு ஊர்கள் மீண்டும் ஆற்றுவழிக்கும் காட்டு வழிக்கும் திரும்பின.

சயாமில் மறுபயன்

சயாமின் நோங் பிலாடுக் முதல் பர்மாவின் தன்பியூசயாட் வரை அமைந்த அப்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். அதில் 304 கிலோமீட்டர் சயாமிலும் 111 கிலோமீட்டர் பர்மாவிலும் இருந்தன. 1942இன் இடைப்பகுதியில் தொடங்கிய பணி, 1943 அக்டோபர் 17இல் இருபுறப் பாதைகளும் கொங்கொய்தா அருகே சந்தித்தபோது நிறைவுற்றது. பாதை நெடுகிலும் அறுநூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் எழுந்தன. அவற்றுள் பெரும்பாலானவை அந்தந்தக் காட்டிலேயே வெட்டிய மரத்தால் ஆனவை.

அப்பாதையில் உள்ள பொருள்கள் பல வேறிடத்திலிருந்து வந்தவை. காஞ்சனபுரியில் உலகப் புகழ்பெற்று நிற்கும் ஆற்றுப்பாலத்தின் வளைந்த இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டு வரப்பட்டவை. ஜாவாவின் பாதை ஒரு மீட்டரைவிடச் சற்று அகலமானது. எனினும் பாலத்தின் சட்டத்திற்கு அவ்வேறுபாடு தடையாகவில்லை. ஜப்பானிலிருந்து வந்த சி-56 வகை இயந்திரங்களோ 1,067 மில்லிமீட்டர் பாதைக்கென ஆக்கப்பட்டவை. அவற்றின் சக்கரங்களை மீட்டர் பாதைக்கு ஏற்ப மாற்றியமைத்த பின்னரே அங்கு ஓட்ட முடிந்தது. தண்டவாளத்துள் ஒரு பகுதி மலாயாவிலிருந்தும் ஒரு பகுதி டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் வந்தது. தொழில் நோக்கில் மட்டும் பார்த்தால், பழைய பொருளை மறுபயன்படுத்திய வகையில் அது வியப்புக்குரிய செயலே. ஆனால் அவ்வியப்பு நெடுநேரம் நிற்பதில்லை. அப்பொருள்களோடு மனிதரும் பெயர்க்கப்பட்டனர்.

போரால் இரப்பர் ஏற்றுமதி நின்றுபோன மலாயாத் தோட்டங்களில் வேலையின்றித் தவித்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, உணவும் உறைவிடமும் இலவசம் என்ற அறிவிப்பு முதலில் வந்தது. நம்பிச் சென்றோர் உண்டு. திரும்பி வருவோர் இல்லை என்று தெரிந்த பின் எவரும் முன்வரவில்லை. பின்னர்க் கட்டாயமே முறையாயிற்று. தோட்டத்திலும் தெருவிலும் பிடிபட்டோர் சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டனர். மேற்குக்கரைத் தோட்டங்களிலிருந்து வடக்கே சென்ற அவ்வண்டிகள் பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்தாஜாம் சந்திப்பைக் கடந்து, பாடாங் பெசார் வழியாகச் சயாமின் பான் போங் சென்றன. அங்கிருந்து காட்டு முகாம்களுக்கு நடைப்பயணம்.

பாதையில் உழைத்த ஆசியத் தொழிலாளரின் தொகை 180,000 முதல் 250,000 வரை என்று மதிப்பிடுவர். மலாயாவிலிருந்து சென்றோர் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். குடும்பத்தோடு சென்ற பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். 1943இன் மழைக்காலத்தில் வாந்திபேதி முகாம் முகாமாகப் பரவியது. சீதபேதியும் மலேரியாவும் புண்ணும் பசியும் உடன் நின்றன. 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளும் அங்கு வதைபட்டனர். அவர்களுள் 12,000க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். ஆயினும் கைதிகளிடையே மருத்துவர் இருந்தனர், அணி இருந்தது, கட்டளையிடும் அதிகாரி இருந்தார். தோட்டத்திலிருந்து வந்த தமிழர்க்கு அவற்றுள் ஒன்றும் இல்லை. ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் ஏறத்தாழ 90,000 பேர் எனப் பொதுவாகக் கூறுவர். அதனைக் கூட்டியும் குறைத்தும் கூறுவோரும் உளர். ஒரு கட்டைக்கு ஒரு தலை என்று மலேசியத் தமிழர் சொல்லும் மரபு இத்துயரத்தின் அளவை உணர்த்துவது.

எண்ணப்பட்டதும் எண்ணப்படாததும்

1945இல் போர் முடிந்தது. காட்டிற்குள் கிடந்த பாதையை என் செய்வது என்ற வினா எழுந்தது. 1946 ஜனவரியில், நிக்கேக்கும் சொங்க்ராய்க்கும் இடையே 4 கிலோமீட்டர் நீளத் தண்டவாளத்தை அகற்றுமாறு பிரிட்டிஷார் ஜப்பானியக் கைதிகளுக்கு ஆணையிட்டனர். இரு நாடுகளையும் இணைத்த பாதை அதனால் துண்டிக்கப்பட்டது. அதே ஆண்டில் சயாம் அரசு 12 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு விலைக்குப் பாதையை வாங்க உடன்பட்டது. மலாயா, பர்மா, டச்சுத் தீவுகள் ஆகியவற்றிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட தண்டவாளத்திற்கும் வண்டிக்கும் இழப்பீடு தருவதற்கென அத்தொகை கருதப்பட்டது.

இச்செயலில் தவறேதும் இல்லை. பொருளை இழந்தவர் அதன் விலையைப் பெறுவது முறையே. ஆனால் அவ்வாறு பெற முடிந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. எந்தப் பாதையிலிருந்து எவ்வளவு தண்டவாளம் எடுக்கப்பட்டது என்பதற்கு இரயில்வேயின் ஏடுகள் சான்றாக இருந்தன. ஒவ்வொரு மைலும் ஒவ்வொரு பெட்டியும் எங்கோ எழுதப்பட்டிருந்தன.

1947 பிப்ரவரியில் சயாமின் அமைச்சர் ஒருவர் பாதையைப் பார்வையிடச் சென்றபோது, கொங்கொய்தா அருகே பாலம் இடிந்து உயிரிழந்தார். அதன்பின் நாம்தோக்கிற்கு அப்பாலுள்ள பாதையைக் கைவிட்டு, அதன் பொருள்களைப் பிற பாதைகளைச் செப்பனிடப் பயன்படுத்துவது என்று முடிவாயிற்று. இவ்வாறு மலாயாவிலும் ஜாவாவிலும் பிறந்து காட்டில் கிடந்த இரும்பு மூன்றாம் முறையாக இடம் பெயர்ந்தது. எஞ்சிய பகுதி செப்பனிடப்பட்டுக் காஞ்சனபுரி வரை 1949இலும், வாங்போ வரை 1952இலும், நாம்தோக் வரை 1958இலும் திறக்கப்பட்டது. அதில் இன்றும் வண்டி ஓடுகிறது. ஜப்பானிய இயந்திரம் ஒன்றுகூட மறக்கப்படவில்லை. சி-5631 என்ற எண் தாங்கிய இயந்திரம் 1979இல் ஜப்பானுக்குக் கொண்டு செல்லப்பட்டுத் தோக்கியோவின் யாசுகுனி ஆலய வளாகத்தில் நிறுத்தப்பட்டது.

மலாயாவில் கிழக்குக்கரைப் பாதை மெல்ல மெல்ல மீண்டும் இடப்பட்டு 1950களில் முழுமை பெற்றது. மலாக்காக் கிளைப்பாதை மீளவே இல்லை. மலாக்கா நகருக்கு இன்றுவரை இரயில் கிடையாது.

மனிதரை மீட்ட வரலாற்றையும் இதனோடு ஒப்பிட்டுக் காண வேண்டும். போர்க்கைதிகளின் அதிகாரிகள், பிடிபட்டால் தண்டனை உறுதி என்று அறிந்தும், இறந்தோர் பெயரையும் புதைத்த இடத்தையும் மறைவாகக் குறித்து வைத்தனர். சில குறிப்புகளைக் கல்லறைகளிலேயே புதைத்து வைத்தனர். 1945 செப்டம்பரில், முன்னாள் கைதிகளைக் கொண்ட சிறு குழு ஒன்று அதே பாதையில் வண்டியேறிச் சென்று தேடியது. மூன்று வாரங்களுக்குள் 144 இடுகாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட கல்லறைகள் அடையாளம் காணப்பட்டன. பின்னர் அவ்வுடல்கள் காஞ்சனபுரி, சுங்காய், தன்பியூசயாட் ஆகிய மூன்று இடங்களில் முறையாக அடக்கம் செய்யப்பட்டன. காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் துயில்கின்றனர். ஒவ்வொரு கல்லிலும் பெயரும் படைப்பிரிவும் வயதும் காணலாம்.

தமிழ்த் தொழிலாளர்க்கு அத்தகைய கல்லறை அமையவில்லை. அவர்கள் முகாமின் ஓரத்தில் மொத்தமாகப் புதைக்கப்பட்டனர், அல்லது எரிக்கப்பட்டனர். எழுதி வைக்க அவர்களிடையே அதிகாரி இல்லை. எழுத்தறிந்தோர் சிலர் இருந்தும் தாளும் வாய்ப்பும் இல்லை. தோட்டத்தில் கூலிப்பட்டியலில் இருந்த பெயர், சரக்குப் பெட்டியில் ஏறிய அன்றே அறுபட்டது. சீட்டுக் கட்டாமல் அறுத்த கம்பிபோல அவர்தம் வாழ்வு எதனோடு எதனை இணைத்தது என்பது தெரியாமற் போயிற்று. எனவேதான் தண்டவாளத்தை மைல் கணக்கில் சொல்ல முடிகின்ற வரலாறு, இறந்த தமிழரைப் பல்லாயிரம் என்ற தோராயத்தால் மட்டுமே சொல்கிறது.

தப்பித் திரும்பியோரின் நிலையும் இரங்கத்தக்கது. சிலர் பாதை முடிந்த பின்னும் விறகு வெட்டவும் குண்டால் சிதைந்த பாலத்தைச் செப்பனிடவும் 1945 வரை நிறுத்தி வைக்கப்பட்டனர். தோட்டத்திற்கு மீண்டபோது மனைவி மக்களைக் காணாதோர் பலர். கணவன் இறந்தானா உயிரோடிருக்கிறானா என்று அறியாமலே முதுமை எய்திய பெண்கள் எத்தனையோ லயங்களில் வாழ்ந்து மறைந்தனர்.

மீட்கத்தக்கவை

பிரிக்கப்பட்ட பாதையின் நினைவை எவ்வாறு காப்பது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் இல்லாமலில்லை. 2011 ஜூன் 30இல் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திற்கு வந்த மலாயா இரயில் சேவை முடிவுற்றது. தண்டவாளங்கள் அகற்றப்பட்டன. ஆயினும் புக்கிட் திமா இரும்புப் பாலங்களும் நிலையக் கட்டடமும் விட்டுவைக்கப்பட்டு, பாதை சென்ற நிலம் மக்கள் நடந்து மகிழும் பசுமை வழியாயிற்று. மலாயாவின் முதல் பாதை முடிந்த போர்ட் வெல்ட், இன்று கோல செபத்தாங் என்று அழைக்கப்படுகிறது. அங்கே தண்டவாளம் இல்லை. ஆனால் நிலையத்தின் பெயர்ப்பலகை ஊர் நடுவே இன்றும் நிற்கிறது. உரோமன், ஜாவி, சீன எழுத்துகளோடு தமிழ் எழுத்திலும் அவ்வூரின் பெயர் அதில் எழுதப்பட்டுள்ளது. அந்நாளில் அந்நிலையத்தில் தமிழ் படிக்கும் பயணி இருந்தான் என்பதற்கு அப்பலகையே சான்று. பாதை போன பின்னும் ஒரு மக்களின் இருப்பைச் சில எழுத்துகள் காத்து நிற்கின்றன.

சயாமில் மாண்ட தமிழர்க்காக அப்பணியை முதலில் ஏற்றவர்கள் மலேசியத் தமிழ் எழுத்தாளர்களே. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் அத்துயரத்தை எழுத்தில் நிறுத்தின. அரசு ஏடுகள் குறிக்காமல் விட்டதைக் கதை குறித்தது. நினைவிடம் எழ நெடுங்காலம் ஆயிற்று. 2023 மே மாதத்தில் காஞ்சனபுரியில் தமிழ்த் தொழிலாளர்க்கு நடுகல் ஒன்று நாட்டப்பட்டது. போரில் வீழ்ந்த மறவனுக்குக் கல் நட்டு, அக்கல்லில் அவன் பெயரும் பீடும் எழுதி வைப்பது தமிழரின் தொன்மையான வழக்கம். பாதை முடிந்து எண்பது ஆண்டுகள் கழித்தாயினும் அவ்வழக்கு அங்கு நிறைவேறியது. எனினும் அக்கல்லில் எழுதத்தக்க பெயர்கள் பல்லாயிரம் இன்னும் கிடைக்கவில்லை.

அவற்றுள் சிலவற்றையேனும் மீட்பது இயலாத செயலன்று. கெடாவிலும் பேராக்கிலும் செபராங் பிறையிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, அங்கு வாழ்ந்தோர் நகர்ப்புறக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்துவிட்டனர். சயாமுக்குச் சென்று மீண்டோர் ஏறத்தாழ அனைவரும் மறைந்துவிட்டனர். ஆனால் அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உள்ளனர். தாத்தாவின் தம்பி எந்தத் தோட்டத்திலிருந்து சென்றார், உடன் சென்றோர் எவர், எவர் மட்டும் திரும்பினார் என்பன குடும்பங்களில் இன்னும் பேசப்படுகின்றன. பழைய பிறப்புச் சான்றிதழ், தோட்டக் கோயிலின் நன்கொடைப் பட்டியல், தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு ஆகியவற்றில் அப்பெயர்கள் எங்கேனும் ஓரிரண்டு எஞ்சியிருக்கக்கூடும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மாணவரிடம், வீட்டு முதியோரைக் கேட்டு ஒரு பெயரும் ஒரு தோட்டமும் ஓர் ஆண்டும் எழுதி வருமாறு பணித்தால், அஃது ஒரு நாள் பாடப்பயிற்சியாக முடிந்துவிடாது. ஒரு வகுப்பில் ஐந்து பெயர் கிடைத்தாலும் ஐந்து பேர் தோராயத்திலிருந்து வெளிவந்தவராவர். கிடைத்த பெயரைக் கேட்ட நாளோடும் சொன்னவரின் உறவுமுறையோடும் சேர்த்து எழுதி வைப்பது இன்றியமையாதது. நினைவு பிழைபடலாம். ஒரே நிகழ்ச்சியை இருவர் இருவகையாகக் கூறலாம். இரண்டையும் எழுதி வைத்தால் பின்வரும் ஆய்வாளர் ஒப்பிட்டுக்கொள்வார். எழுதாமல் விட்டால் ஒப்பிடுவதற்கே ஒன்றும் இராது.

ஜார்ஜ்டவுனில் பினாங்கு சாலைச் சந்திப்பைக் கடப்போர் இன்றும் அந்த டிராம் தண்டவாளத் துண்டைக் காணலாம். அறுபத்தெட்டு ஆண்டுக்காலம் தாருக்கு அடியில் கிடந்தும், தோண்டிய அன்றே அது இன்னது என்று சொல்ல முடிந்தது. சயாமின் காட்டில் புதைந்தோர்க்கு அவ்வாறு சொல்லும் அடையாளம் மண்ணில் இல்லை. அவர்தம் அடையாளம் புக்கிட் மெர்தாஜாம் வழியே வண்டி சென்றதைக் கேட்டறிந்த குடும்பங்களின் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளது. அந்நினைவு உள்ளபோதே அதனை ஏட்டில் ஏற்றுவது இத்தலைமுறையின் கடனாகும்.